வீட்டுக் கைப்பக்குவமும் உப்பின் கணக்கும்

மருத்துவமனையில் நோயாளியிடம் உணவைப் பற்றி வினவும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் விடை, "வீட்டுச் சாப்பாடுதான்" என்பதாகும். கடைப்பண்டங்களை விட்டுவிட்டோம் என்ற நிம்மதி அவ்விடையில் இருக்கிறது. அது நியாயமானதே. ஆயினும் வீட்டில் செய்தது என்பதும் நோயாளிக்கு உகந்தது என்பதும் ஒன்றல்ல. அன்றன்று சமைப்பது ஒருவகை, பல மாதங்கள் வைத்திருக்கச் செய்வது மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு உதவவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தெள்ளார், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் நெல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. ஆரணிப் பக்கம் பட்டுத்தறியும் வீட்டோடு சேர்ந்தது. கோடை பிறந்துவிட்டால் மொட்டை மாடிகளில் வடாமும் வற்றலும் மோர்மிளகாயும் காய்கின்றன. குடும்பத் தேவைக்குப் போக எஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் பெண்களும் உண்டு. இத்தகைய கைத்திறன் எளியதன்று. 1959-ஆம் ஆண்டில் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னாளில் லிஜ்ஜத் என்னும் பெரிய கூட்டுத்தொழிலாக வளர்ந்தது.

உணவுப்பொருள் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம். அவை வளர்வதற்கு ஈரம் தேவை. ஈரத்தை வெயில் போக்கும். அல்லது உப்பு அதனைப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்ணுயிர்களுக்குக் கிட்டாமல் செய்யும். வடாம் கெடாமல் இருப்பது பெரும்பாலும் வெயிலால். ஊறுகாய் கெடாமல் இருப்பது உப்பு, புளிப்பு, எண்ணெய் ஆகியவற்றால். மோர்மிளகாய்க்கு இரண்டுமே துணை.

இதனால் விளையும் பயன் ஒன்று உண்டு. வடாமில் உப்பைக் குறைக்கலாம். நன்கு காய்ந்து உடைந்தால் 'படக்' என்று ஒலிக்கும் பதம் வந்துவிட்டால் அது கெடாது. கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும் என்பதைப் பழகிய கைகள் அறியும். நீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. எனவே நோயாளிக்கென்று தனியே பிழியும் வடாமில் உப்பைத் தவிர்த்து, சீரகம், ஓமம், பச்சைமிளகாய் ஆகியவற்றால் சுவை கூட்டலாம். ஆனால் நாள்பட வைக்கும் ஊறுகாயில் உப்பைக் குறைப்பது கூடாது. அது பூசணம் பிடிப்பதற்கு வழி செய்யும். உப்புக் குறைந்த ஊறுகாய் செய்வதைவிட, அன்றன்றைக்கு அரைக்கும் கொத்தமல்லித் துவையலோ எலுமிச்சம்பழச் சாறோ தட்டில் அந்த இடத்தை நிரப்புவது பாதுகாப்பானது.

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோற்றிலும் குழம்பிலும் பொரியலிலும் சேர்ந்தே இந்த அளவு. இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் மிகுந்த உப்பு உடலில் நீரைத் தேக்கும். கால் வீங்கும், எடை சட்டென்று ஏறும், படுத்தால் மூச்சுத் திணறும். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டும் இவ்வாறு நேர்ந்தால், தட்டின் ஓரத்தில் இருப்பவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதிலும் சோடியம் உண்டு. நாவில் கரிக்காததனால் அது கணக்கில் வராமற்போகிறது.

மூன்று நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, இந்துப்பு தீங்கற்றது என்பது. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. இரண்டாவது, 'சோடியம் குறைந்த உப்பு' எல்லாருக்கும் ஏற்றது என்பது. அதில் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்கும், சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்வோருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்க வேண்டாம். மூன்றாவது, வெல்லமும் கருப்பட்டியும் நீரிழிவுக்காரர்களுக்குக் கெடுதல் செய்யா என்பது. அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே.

கடலை விளையும் ஊரில் கடலையைப் பற்றியும் ஒரு சொல். பூசணம் படர்ந்த, நிறம் மாறிய, கசக்கும் பருப்புகளைத் தள்ளிவிடுக. அவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும். அது கல்லீரலைத் தாக்கும், வறுப்பதனால் முற்றிலும் நீங்காது. முறுக்கும் அதிரசமும் வாங்கும்போது எண்ணெயைப் பற்றிக் கேளுங்கள். பலமுறை காய்ந்து கருத்து, நுரைத்து, பிசுபிசுக்கும் எண்ணெய் யாருக்கும் ஆகாது.

சிறு உற்பத்தியாளரிடம் வாங்குவதில் ஒரு வசதி உண்டு, செய்தவரையே கேட்டறியலாம். என்று செய்தது, எந்த எண்ணெய், உப்பு எவ்வளவு, சோடா சேர்ந்ததா என்று வினவுங்கள். விற்பனைக்கு உணவு செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அதற்குரிய 14 இலக்க எண் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை உப்பில்லாமல் ஒரு படி தனியே பிழிந்து தருமாறும் கேட்கலாம். பெருந்தொழிற்சாலையிடம் இதனைக் கேட்க இயலாது. அடுத்த தெரு அம்மாவிடம் இயலும். அவ்வாறு பெற்ற வடாமையும் எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டோ வாணலியில் வறுத்தோ உண்பது நல்லது.

இனி மருத்துவமனைக்கு வரும்போது "வீட்டுச் சாப்பாடுதான்" என்பதோடு நிறுத்திவிடாமல், ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், தின்பண்டம் ஆகியவற்றையும் எழுதி எடுத்து வாருங்கள். வாரத்திற்கு எத்தனை முறை என்பதையும் குறியுங்கள். எதனை விட வேண்டும், எதனை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் நோய்க்கும் மருந்துக்கும் தக்கவாறு எங்கள் உணவியல் வல்லுநர்கள் கூறுவார்கள். எல்லாவற்றையும் விலக்கச் சொல்வது எங்கள் நோக்கமன்று. நாவுக்குப் பழகிய சுவை தட்டில் இருந்தால்தான் நோயாளி வயிறார உண்பார் என்பதை நாங்களும் அறிவோம்.