618 என்று தொடங்கும் டிக்கெட்

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போக என் தம்பிக்கு டிக்கெட் வந்திருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் மகள் எடுத்து அனுப்பியது. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். லுஃப்தான்சா விமானம், எல்எச் 759, நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறது. எல்லாம் சரி, அடியிலிருந்த பதின்மூன்று இலக்க டிக்கெட் எண்தான் உறுத்தியது. லுஃப்தான்சா கொடுக்கும் டிக்கெட் 220 என்று தொடங்கும். இது 618 என்று தொடங்கியது. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எண்.

“என்னம்மா, ஒருத்தன் ஃப்ளைட்டுக்கு இன்னொருத்தன் டிக்கெட் குடுத்திருக்கான்?” என்று போனில் கேட்டேன்.

“மைல்ல எடுத்தது பெரியப்பா. மைல் சிங்கப்பூர்க் கணக்குல இருக்கு. சீட் லுஃப்தான்சாவுல.”

ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலைக் கொடுத்து, இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறுவது எப்படி நடக்கிறது?

ராத்திரிப் பூ

அமெரிக்காவில் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்க 1978-இல் சட்டம் வந்தது. கட்டு அவிழ்ந்ததும் யார் மலிவோ அவர் பக்கம் பயணிகள் சாய்ந்தார்கள். வாடிக்கையாளரைத் தக்கவைக்க வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே 1 அன்று ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவர் யார் என்பது அதன் ‘சேபர்’ முன்பதிவுக் கணினியில் ஏற்கெனவே இருந்தது. பறந்த தூரத்தை மைலாக எண்ணி, போதிய அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட். ஒரு வாரத்துக்குள் யுனைடெட்டும் அதே வழியில் இறங்கியது.

இலவசமாகச் சீட் கொடுத்தால் கட்டுப்படியாகுமா? மதுரை மார்க்கெட்டில் காலையில் மல்லிகை விற்ற விலைக்கு ராத்திரி விற்காது. கடையைக் கட்டும் நேரத்தில் மிச்சப் பூவை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். விமானச் சீட்டின் ஆயுள் பூவைவிடக் குறைவு. கதவைச் சாத்திய நிமிஷத்தில் காலிச் சீட்டின் மதிப்பு பூஜ்யம். ஆனால் பூக்காரர்போல விமான நிறுவனம் கடைசி நேரத்தில் விலையை இறக்க முடியாது. இறக்கினால் அடுத்த முறை எல்லாரும் ராத்திரி வரை காத்திருப்பார்கள். விலைப்பலகையைத் தொடாமலே மிச்சச் சீட்டைத் தள்ளிவிட ஒரு வழி வேண்டும். மைல் அந்த வழி. மிச்சச் சீட்டில் ஒருவரைக் கூடுதலாக ஏற்றுவதற்கு ஆகும் செலவு கொஞ்சம் எரிபொருளும் ஒரு தட்டுச் சாப்பாடும்தான்.

எழுத்தில் ஒளிந்த கோட்டா

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வருகிறவருக்குக் கோட்டாவைச் சொல்லித்தர வேண்டாம். பொதுக் கோட்டாவில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதே பெட்டியில் தட்கலுக்கு எடுத்துவைத்த படுக்கைகள் காலியாக இருக்கும். விமானத்திலும் இதே கதைதான். இங்கே கோட்டாவுக்குப் பெயர் ஆங்கில எழுத்து. ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று எகானமி சீட்டுகள் மூன்று எழுத்தில், மூன்று விலையில் விற்றிருக்கலாம்.

ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று மைலுக்காகத் திறந்துவிடும் சீட்டுக்கும் தனி எழுத்துகள் உண்டு. எகானமிக்கு ‘எக்ஸ்’, பிசினஸ் கிளாஸுக்கு ‘ஐ’, முதல் வகுப்புக்கு ‘ஓ’. ஒரு விமானத்தில் எத்தனை சீட் காசுக்கு விற்கும் என்பதைப் பழைய விற்பனையை வைத்துக் கணினி மதிப்பிடுகிறது. விற்காது என்று தோன்றினால் இந்தக் கோட்டாவில் இரண்டு சீட்டைத் திறக்கும். விற்பனை சூடுபிடித்தால் மூடிவிடும். அதனால்தான் இணையத்தில் காசுக்கு இருபது சீட் காட்டும் விமானத்தில் மைலுக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

இதிலும் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு, விருந்தாளிக்கு ஒரு பங்கு. சொந்த உறுப்பினர்களுக்குத் திறக்கும் சீட் எல்லாம் கூட்டாளியின் உறுப்பினர் கண்ணில் படாது. தொலைதூர விமானங்களின் பிசினஸ், முதல் வகுப்புச் சீட்டுகளைப் பெரும்பாலும் தன் உறுப்பினர்களுக்கே ஒதுக்கிக்கொள்வது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வழக்கம்.

கூட்டணிக் கணக்கு

ஏர் கனடா, லுஃப்தான்சா, எஸ்ஏஎஸ், தாய் ஏர்வேஸ், யுனைடெட் ஆகிய ஐந்தும் சேர்ந்து 1997 மே 14 அன்று ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கின. ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. 1999-இல் ஒன்வேர்ல்டு வந்தது, 2000-இல் ஸ்கைடீம். ஒன்வேர்ல்டில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 மே மாதம் உறுப்பினரானது. அதனால் லண்டனில், அதே கூட்டணியிலுள்ள பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் பாயின்ட் சேர்த்தவர், அதைத் திருச்சி–கொழும்பு ஸ்ரீலங்கன் விமானத்துக்குச் செலவழிக்கலாம். கூட்டணிக்கு வெளியேயும் உறவுகள் உண்டு. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் சேரவில்லை; ஆனால் குவான்டாஸ் போன்ற நிறுவனங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

உறவானாலும் கணக்குக் கணக்குதான். தம்பி ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும், அந்தச் சீட்டுக்காகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் லுஃப்தான்சாவுக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். முன்பே பேசிவைத்த தொகை, வெளியே சொல்வதில்லை. தன் சொந்த விமானத்தில் மைலுக்குச் சீட் கொடுத்தால் போகப்போவது மிச்சப் பூ. கூட்டாளி விமானத்தில் கொடுத்தால் கையிலிருந்து காசு போகும். கூட்டாளி விமானத்துக்கென்று பல நிறுவனங்கள் தனி மைல் பட்டியல் வைத்திருப்பது இதனால்தான்.

இதிலிருந்து பயணிக்கு ஒரு லாபம் பிறக்கிறது. லுஃப்தான்சாவின் அதே ஒரு சீட்டைச் சிங்கப்பூர், ஏர் கனடா, யுனைடெட், ஏர் இந்தியா என்று பல கடைகளில் வாங்கலாம். கடைக்குக் கடை விலை வேறு, விதி வேறு. விமான நிறுவனம் விதிக்கும் சர்சார்ஜைச் சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையர் அப்படியே பயணி தலையில் கட்டும். ஏர் கனடாவின் ஏரோபிளான் அதை வசூலிப்பதில்லை. கூட்டாளி டிக்கெட்டுக்கு 39 கனடிய டாலர் கட்டணம் மட்டும் வாங்குகிறது. கூடவே 5,000 பாயின்ட் கொடுத்தால் வழியில் ஓர் ஊரில் சில நாள் தங்கிப் போகவும் விடுகிறது. “மைல் டிக்கெட் இலவசம்தானே?” என்று கேட்பவர், பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

தேடும் கலை

விமானம் கிளம்ப ஏறக்குறைய பதினொரு மாதம் முன்பு கோட்டா முதலில் திறக்கும். பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் அப்போதே பார்த்துவிட வேண்டும். விற்காத சீட்டைக் கடைசி இரண்டு வாரத்தில் திறந்துவிடுவதும் உண்டு; அது தனியாக, பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருக்கக்கூடியவருக்கு. இடையிலுள்ள மாதங்கள் வறட்சி.

சென்னை–நியூயார்க் என்று தேடினால் ஒன்றும் வராது. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட், ஃபிராங்க்ஃபர்ட்–நியூயார்க் என்று துண்டு துண்டாகத் தேடினால் இரண்டும் வரலாம். நீண்ட துண்டில் சீட் கிடைப்பதுதான் கஷ்டம்; அதை முதலில் பிடித்துவிட்டுக் குட்டித் துண்டைப் பிறகு ஒட்டவைப்பதே அனுபவசாலிகளின் முறை.

பேய்ச் சீட் என்றும் ஒன்று உண்டு. நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் தளத்தில் கூட்டாளி விமானத்தில் இரண்டு சீட் பளிச்சென்று தெரிந்தன. அதை நம்பி வங்கிக் கார்டிலிருந்த பாயின்ட்டுகளை மைலாக மாற்றினேன். மூன்று நாள் கழித்து மைல் வந்து சேர்ந்தது. சீட்டை எடுக்கப் போனால் தளம் பிழைச்செய்தி காட்டியது. போனில் கேட்டால், “அங்கே அப்படி ஒரு சீட்டே இல்லை சார்” என்றார்கள். இரண்டு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதில் விழுந்த இடைவெளி அது. கார்டிலிருந்து மைலுக்குப் போவது ஒருவழிப் பாதை, திரும்ப வராது. அதே விமானத்தை இன்னொரு கூட்டாளியின் தளத்திலும் தேடிப் பார்த்து, இரண்டிலும் தெரிந்தால் மட்டுமே மாற்ற வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அடகு வைத்த மைல்

இன்று மைலில் பெரும்பங்கு வானத்தில் பிறப்பதில்லை, கடைவீதியில் பிறக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மைலைத் தரும் கார்டை சிட்டிபேங்க் 1987-இல் கொண்டுவந்தது. வங்கிகள் விமான நிறுவனங்களிடமிருந்து மைலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கி, மளிகை வாங்குகிறவருக்குக் கொடுக்கின்றன. 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, டெல்டா தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 900 கோடி டாலர் திரட்டியது; யுனைடெட் 680 கோடி டாலர்.

நிறுவனத்துக்குத் தங்கமாக இருக்கும் மைல், நம் கையில் பூ மாதிரிதான். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும். இத்தனை தூரத்துக்கு இத்தனை மைல் என்ற பட்டியலை டெல்டா 2015-இலும் யுனைடெட் 2019-இலும் எடுத்துவிட்டன. அன்றன்றைய நிலவரம்தான் விலை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் இன்டர்மைல்ஸ் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது. மைல் இருந்தது, ஏறிப்போக அந்த விமானம் இல்லை. மைலைச் சேமிப்பாக நினைக்கக் கூடாது. போக வேண்டிய ஊர் தெரிந்த பிறகு சேர்ப்பதும், சேர்ந்ததும் செலவழிப்பதும்தான் சரி.

இனி தம்பியின் டிக்கெட்டுக்கு வருவோம். அதில் இரண்டு பி.என்.ஆர் உண்டு: சிங்கப்பூர் கொடுத்தது ஒன்று, லுஃப்தான்சா கொடுத்தது ஒன்று. சீட்டைத் தேர்ந்தெடுக்கவும் போர்டிங் பாஸ் எடுக்கவும் லுஃப்தான்சாவின் எண் வேண்டும். தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ சிங்கப்பூரிடம்தான் போக வேண்டும். பி.என்.ஆர் கைக்கு வந்துவிட்டது என்பதால் டிக்கெட் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. அது சீட்டில் போட்ட துண்டு, அவ்வளவுதான். பதின்மூன்று இலக்க எண் பிறக்காவிட்டால் துண்டை எடுத்துவிடுவார்கள்.

“பதிவு பண்ணி அஞ்சு மணி நேரம் கழிச்சுதான் பெரியப்பா அந்த 618 நம்பர் வந்துச்சு,” என்றாள் தம்பி மகள். “அது வர்ற வரைக்கும் அப்பாகிட்ட நான் மூச்சுவிடல.”