திங்கட்கிழமை அடகு, சனிக்கிழமை மீட்பு!

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரில், திங்கட்கிழமை காலையில் பெண்கள் துணி மூட்டையுடன் அடகு கடைக்குப் போவார்கள். கடை வாசலில் மூன்று தங்க நிறப் பந்துகள் தொங்கும். அடகு கடைக்கு அதுதான் அடையாளம்.

மூட்டைக்குள் என்ன இருக்கும்? புருஷனின் கோட்டு! முதல் நாள் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே கோட்டு. சனிக்கிழமை கூலி வந்ததும் அது வீடு திரும்பும். திங்கட்கிழமை மறுபடியும் கடைக்குப் போய்விடும். அடகு கடைக்காரருக்கு "மாமா" என்று பட்டப்பெயர். "கோட்டு எங்கே?" என்று கேட்டால், "மாமா வீட்டில் இருக்கிறது" என்பார்கள்.

வட்டிக் கணக்கு

1872-ம் ஆண்டு அடகு கடைச் சட்டப்படி, 2 ஷில்லிங் கடனுக்கு மாதம் அரை பென்னி வட்டி. அடகுச் சீட்டுக்கு அரை பென்னி. (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி.) ஆண்டுக்கு நூற்றுக்கு 25 வட்டி. பார்த்தால் பெரிய கொள்ளை என்று தோன்றாது.

ஆனால் ஐந்தே நாளில் மீட்டாலும் முழு மாத வட்டி கொடுக்கவேண்டும். புதிதாக அடகு வைக்கும்போது புதுச் சீட்டு. ஆகவே வாரம் ஒரு பென்னி போய்விடும். ஆண்டுக்கு 52 பென்னி. அதாவது 4 ஷில்லிங் 4 பென்னி. வாங்கிய கடனோ 2 ஷில்லிங்தான்! இதில் கடைக்காரர் சட்டத்தை மீறவே இல்லை.

ஒரு ஆண்டு 7 நாளுக்குள் மீட்காவிட்டால், 10 ஷில்லிங் வரை உள்ள அடகுப் பொருள் கடைக்காரருக்கே சொந்தம். அதற்கு மேற்பட்டது ஏலத்துக்குப் போகும்.

முலாம் சங்கிலி

கடைக்காரரையே ஏமாற்றும் ஆசாமிகளும் இருந்தார்கள். பர்மிங்காம், நகைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1840-ல் அந்த ஊர் எல்கிங்டன் குடும்பத்தினர், மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் பித்தளைச் சங்கிலியும் தங்கம் போல் மின்னத் தொடங்கியது.

கடைக்காரர் உரைகல்லில் உரசி, திராவகம் விட்டுப் பார்ப்பார். பித்தளை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூட்ட நேரத்தில் ஏமாந்தால் போச்சு!

மோசடி அதோடு முடியாது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவரே பொருளை மீட்க உரியவர் என்று சட்டம் கருதியது. ஆகவே சீட்டையும் விற்கலாம்.

"தங்கச் சங்கிலி அடகில் இருக்கிறது. மீட்க வழி இல்லை. சீட்டை மலிவாகத் தருகிறேன்" என்று மோசடிக்காரன் அழாத குறையாகச் சொல்வான். சீட்டு வாங்கியவர், கடனையும் வட்டியையும் கட்டிச் சங்கிலியை மீட்பார். கையில் வருவது முலாம் சங்கிலி! கடைக்காரர் பணம் வட்டியுடன் திரும்பிவிட்டது. நஷ்டம் சீட்டு வாங்கிய ஏமாளிக்கு. சங்கிலி ஆசாமியோ அதற்குள் அடுத்த ஊரில் இருப்பான்.

சலவைப் பெண்

சலவைத் தொழில் செய்த பெண் அப்படி ஓடமுடியுமா? அவள் வீடு அதே தெருவில். வியாழக்கிழமை வீட்டில் ரொட்டி இல்லை. சொந்தத் துணி ஏற்கனவே கடையில். வெளுக்க வந்த துணி மட்டும் கையில் இருக்கிறது. "இதை வைப்போம், சனிக்கிழமை மீட்டுவிடுவோம்" என்று நினைப்பாள். திருடும் எண்ணம் இல்லை.

ஆனால் சட்டப்படி அது குற்றம். அடுத்தவர் பொருளை அனுமதி இல்லாமல் அடகு வைத்தால் 5 பவுண்டு வரை அபராதம். பொருளின் மதிப்பையும் சேர்த்து வசூலிக்கலாம். வெளுக்கக் கொடுத்த துணி என்று தெரிந்தே வாங்கிய கடைக்காரரும் தப்ப முடியாது.

துணிக்குச் சொந்தக்காரர் சனிக்கிழமைக்குப் பிறகு வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமையே வந்து கேட்டுவிட்டால், வழக்குதான். 5 பவுண்டு என்பது 100 ஷில்லிங். கட்ட முடியாதவர்களுக்குச் சிறை இருந்தது.