பணியிடமும் பண்பாடும்

தாராவியில் தோற்பை தைக்கும் சிறு பட்டறை, மாட்டுங்காவில் 1915ஆம் ஆண்டில் தோன்றிய ரயில்வேத் தொழிற்கூடம், செம்பூரை அடுத்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என, மும்பையில் தமிழர் உழைக்கும் இடங்கள் பலவகைப்பட்டவை. ஆயினும் இவை அனைத்திற்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. வேலை செய்பவர் அவ்வேலையில் ஒரு குறையைக் கண்டால், அதனை வாய்திறந்து சொல்ல இயலுமா? சொன்னால் கேட்பார் உண்டா? ஒரு ஸ்தாபனத்தின் நலமும், காலத்திற்கேற்ப மாறும் ஆற்றலும், இவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன.

இதற்குச் சிறந்ததொரு சான்று, மும்பையிலிருந்து ஓரிரவு ரயில் பயணத் தொலைவிலுள்ள அகமதாபாத்தில் கிடைக்கிறது. அங்கு இயங்கிய காலிகோ ஆலை நிர்வாகம் 1952இல் தானியங்கித் தறிகளை நிறுவிற்று. ஒரு கொட்டகையில் 224 தறிகள். அவற்றைக் கவனிக்க 29 தொழிலாளர்கள். நெய்பவர் ஒருவர், ஊடைநூல் நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழையை முடிபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர் என வேலை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இயந்திரம் புதியது, எனினும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை.

இத்தகைய நேரத்தில் தொழிலாளியின் சோம்பலைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஆலோசகராக வந்த லண்டன் டாவிஸ்டாக் நிலையத்து ஆராய்ச்சியாளர் ஏ. கே. ரைஸ், 1953இல் வேறொரு காரணத்தைக் கண்டார். ஒருவர் பார்க்கும் தறிகள் வேறு; அவருக்கு உதவ வேண்டியவர் பார்க்கும் தறிகள் வேறு. ஆகவே, எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பாளிகளாக எவரும் இல்லை. சில தறிகளுக்குச் சிறு குழு ஒன்று கூட்டாகப் பொறுப்பேற்கலாம் என்று அவர் யோசனை கூறினார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அதனை ஆவலுடன் ஏற்றனர்; தம் குழுவினரைத் தாமே தேர்ந்துகொண்டனர். தொடக்கத் தடுமாற்றம் நீங்கிய பின், தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாக உயர்ந்தது. துணியின் பழுது 32இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. தறி மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. பொறுப்பைப் பகிர்ந்த முறை ஒன்றே மாறியது.

இக்கதைக்குப் பிற்பகுதி ஒன்றும் உண்டு. 1970இல் மீண்டும் ஆராய்ந்தபோது, ஒரு கொட்டகையில் குழுமுறை நிலைத்திருந்தது. மற்றவற்றில் படிப்படியாக மறைந்திருந்தது. நல்ல வழக்கமும் பயிரைப் போன்றதே. நட்டால் மட்டும் போதாது. நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டும்.

சட்டமும் இதற்கு ஓரளவு வழி செய்திருக்கிறது. 100 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள ஆலையில் இருதரப்பாரும் அமரும் பணிக்குழுவை அமைக்குமாறு அரசு ஆணையிடலாம் என 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அவ்வழியையே பின்பற்றுகிறது. 20 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குறைதீர்க் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அதில் இருதரப்பினரும் சம எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். மனுவின் மீதான நடவடிக்கையை 30 நாட்களில் முடிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. இவ்விதிகளைத் தமிழாக்குவது மொழிபெயர்ப்பாளராகிய நமக்குக் கடினமன்று. அவற்றை ஏட்டிலிருந்து பட்டறைக்குக் கொண்டுசெல்வதே கடினம்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. மராத்தியோ இந்தியோ சரளமாக வராத தோழர், பழுதைக் கண்டும் பேசாதிருப்பார். அவருடைய மௌனத்தைச் சம்மதமென்று நிர்வாகம் எண்ணிவிடும். அம்மௌனத்தால் விரலை இழப்பவரும் உண்டு. வேலையை இழப்பவரும் உண்டு. மொழி அறிந்தவர் அவருக்காகப் பேசுதல் வேண்டும். ஐந்தாறு பேரே வேலை செய்யும் தாராவிப் பட்டறைக்குக் குழுவைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும், தேநீர் வேளையில் பத்து நிமிடம், "இன்று எது தடைப்பட்டது? எப்படிச் சரிசெய்யலாம்?" என்று பட்டறை உரிமையாளர் கேட்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை. சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல், சொன்னதை மறுநாளே கவனித்தால், அடுத்தவரும் அச்சமின்றி வாய்திறப்பார்.