இயந்திரத்தின் அவசரமும் பற்றரியின் பொறுமையும்

மின்கம்பி எட்டாத வீட்டிலே மின்விளக்கு எரிவதற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சிலவே. சிறியதோர் எண்ணெய் இயந்திரம், மோட்டார்க்காரிலிருந்து கழற்றிய ஓர் ஒல்ரநேற்றர், இவ்விரண்டையும் பிணைக்கும் வார்ப்பட்டி, ஒரு பற்றரி, இவ்வளவே. கைப்பழக்கமுள்ள இளைஞன் ஒருவன் இரண்டு நாளில் இவற்றைப் பொருத்தி இயக்கிவிடுவான். ஆயினும், அவ்வாறு பொருத்தப்பட்டவற்றுட் பல, ஆண்டொன்று நிறையுமுன்னரே பற்றரி பாழாகி மூலையிற் கிடக்கக் காண்கின்றோம். பொருத்தியவனின் கைத்திறனைக் குறைகூறிப் பயனில்லை. இயந்திரத்தின் இயல்பு வேறு. பற்றரியின் இயல்பு வேறு. ஒருவன் அவசரக்காரன், மற்றவன் பொறுமைசாலி. இருவரையும் ஒரு நுகத்திற் பூட்டுவது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்தொழிலை யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதாக அறிமுகஞ் செய்யவேண்டுவதில்லை. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் திரும்பவில்லை. பெற்றோலும், கைவிளக்குக்கு இடும் சிறு பற்றரிகளுந் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெயின் விலை பன்மடங்காக ஏறிற்று. அக்காலத்து மாணவர் ஜாம் போத்தலினுள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரிகொளுத்திய வெளிச்சத்திற் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவினால் வானொலியைப் பேசவைத்துச் செய்தி கேட்டனர். இக்கட்டுரையை எழுதுபவரும் அம்மாணவருள் ஒருவரே. தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருந்தோருட் சிலர், அதனோடு பழைய காரின் தைனமோவைப் பிணைத்து, அயலார் கொணர்ந்த பற்றரிகளுக்கும் மின்னேற்றிக் கொடுத்தனர். எண்ணெய் அரும்பொருளாயிருந்தமையால், இயந்திரம் எத்தனை நிமிடம் ஓடிற்று என்னுங் கணக்கை எவரும் மறந்திலர். அக்கணக்கே இத்தொழிலின் உயிர்நிலை.

மின்கம்பி உள்ள ஊர்களும் இதற்கு விலக்கல்ல. 2022 மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. வீட்டில் இயந்திரம் வைத்திருந்தோரும் அதற்கு எண்ணெய் வாங்க நெடுவரிசையில் நிற்க நேர்ந்தது. எண்ணெய் குறைவாகக் கிடைக்கும் நாளிலேதான் இயந்திரமும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. இஃது எக்காலத்தும் மாறாத முரண்.

இவ்வமைப்பு நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. காருக்கு மின்னால் உயிர்கொடுத்துக் கிளப்பும் கருவியை ஆக்கிப் புகழ்பெற்ற சார்ள்ஸ் கெற்றறிங் என்பாரின் முயற்சியால், 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேற்றன் நகரிலிருந்து 'டெல்கோ லைற்' என்னும் பண்ணைவீட்டு மின்பொறி விற்பனைக்கு வந்தது. காற்றினாற் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஒன்று. அதன் தண்டிலேயே இணைந்த தைனமோ. கண்ணாடிச் சாடிகளில் அமைந்த 16 ஈயக்கலங்கள். மொத்தம் 32 உவோல்ற்று. 1930 களின் நடுப்பகுதியிலும் அந்நாட்டுப் பண்ணைகளுட் பத்தில் ஒன்றுக்கே மின்கம்பி எட்டியிருந்தது என்பதை நோக்கின், அப்பொறியின் அருமை விளங்கும். இயந்திரம் சிறிதுநேரம் உழைத்து ஓய்ந்தபின், இரவு முழுவதும் ஓசையின்றிக் கலங்களே விளக்கேற்றின.

இனி இயந்திரத்தின் இயல்பைக் காண்போம். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சத்தி ஏறத்தாழ 9 கிலோவாற்று மணி. இஃது ஒரு சிறுவீட்டுக்கு வாரக்கணக்கில் விளக்கேற்றப் போதுமானது. ஆனால் அதில் நம் கைக்கு எட்டுவது எவ்வளவு? பற்றரிக்கு 20 அம்பியர் ஓட்டஞ் செலுத்துவதாகக் கொள்வோம். அது 280 வாற்று அளவினது. ஒல்ரநேற்றர் தான் பெறும் வேலையிற் பாதியளவையே மின்னாக மாற்றும், எஞ்சியது வெப்பமாகும். வார்ப்பட்டியும் தன் பங்கைக் கொள்ளும். எனவே இயந்திரம் முக்காற் பரிவலுவுக்குச் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும். 5 பரிவலு உடைய இயந்திரம் இச்சிறு பாரத்தைச் சுமக்கும்போது, தன்னைத் தானே சுழற்றிக் கொள்வதற்கே எண்ணெயின் பெரும்பகுதியைச் செலவிடும். மணிக்கு அரை லீற்றரளவு எரியும். ஈற்றில் விளக்கை அடைவது, எண்ணெயிலிருந்த சத்தியில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கே. பாரத்தை இரட்டித்தாலோ எண்ணெய் இரட்டிப்பதில்லை. அரை மடங்களவே கூடும். ஆகவே இயந்திரம் விரும்புவது நிறைந்த பாரமும் குறுகிய நேரமும். 'விரைந்து உழைத்து விட்டுப் போகிறேன்' என்பதே அதன் குணம்.

பற்றரியோ அதற்கு நேர்மாறு. பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859 இல் ஆக்கிய ஈய அமிலக் கலமே இன்றும் அடிப்படையில் நம் காரில் இருப்பது. மின்னை இழக்கும்போது அதன் தகடுகளில் ஈயசல்பேற்றுப் படிகிறது. மின்னேற்றும்போது அது கரைந்து மீள்கிறது. பாதி வெறுமையான பற்றரி, தன் கொள்ளளவில் ஐந்தில் ஒருபங்கு அம்பியரைத் தயக்கமின்றி ஏற்கும். 100 அம்பியர் மணிப் பற்றரிக்கு 20 அம்பியர் என்று கொள்க. எண்பது வீதம் நிரம்பியபின் அதன் பசி அடங்கும். 20 அம்பியர் 10 ஆகி, 5 ஆகித் தேயும். கடைசி இருபது வீதத்தை நிரப்ப மூன்று நான்கு மணி நேரம், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். 5 அம்பியர் ஊட்டுவதற்கென ஓர் இயந்திரத்தை மாலை முழுவதும் இரையவிடுதல், ஒரு தேநீர்க் கோப்பைக்காக அண்டாவில் நீர் கொதிக்க வைப்பதை ஒக்கும்.

'அப்படியாயின் எண்பது வீதத்தோடு நிறுத்திவிடலாமே' என்பார் உளர். நாளாந்தம் அப்படியே நிறுத்தினால், கரையாது எஞ்சிய சல்பேற்று நாள்தோறும் இறுகிக் கெட்டிப்பட்டு, பின் எவ்வளவு மின் ஊட்டினும் மீளாது. முன்னர்க் கூறிய மூலையிற் கிடக்கும் பற்றரிகளுள் மிகப் பலவும் இவ்வாறு அரைவயிற்றோடு வாழ்ந்து மாண்டவையே.

இவ்வழக்கைத் தீர்க்க ஒரு வழி உண்டு. அவ்வழி 1990 களில் நம்மவர்க்கு எளிதிற் கிட்டவில்லை. அதுவே சூரியப் படல். சூரியன் அவசரமறியான்; காலை முதல் மாலை வரை சிறிது சிறிதாக ஊட்டுவான். முதற் பசியை இயந்திரம் அதிகாலையில் ஒன்றரை மணி நேரத்தில் ஆற்றிவிட, எஞ்சிய இருபது வீதத்தை 100 வாற்றுப் படல் ஒன்று பகல் முழுவதும் நின்று நிரப்பட்டும். வெயிற்காலத்தில் இயந்திரம் வேண்டாமலே போகலாம். ஐப்பசி கார்த்திகை மாரியில், வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும்போது அதற்கு வேலை வரும். படல் இல்லாதோர் வாரத்தில் ஒருநாளாவது பற்றரியை முற்றாக நிரப்புதல் வேண்டும். எண்ணெய்ச் செலவு நோக்கின் கசப்பானதே, எனினும் புதுப் பற்றரியின் விலையிலும் அது குறைவு.

ஒரு வீட்டின் கணக்கை எடுப்போம். 7 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம். 15 வாற்று விசிறி ஒன்று, எட்டு மணி நேரம். கைத்தொலைபேசிகள் இரண்டு மூன்று. எல்லாம் சேர்ந்து 300 வாற்று மணி, அதாவது 12 உவோல்ற்றில் 25 அம்பியர் மணி. 100 அம்பியர் மணிப் பற்றரியில் ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையிலேயே இது அடங்கிவிடும். வசதியுள்ளோர் அத்தகைய பற்றரிகள் இரண்டைப் பக்கமாக இணைப்பின் 40 அம்பியர் செலுத்தலாம். இயந்திரம் முக்கால் மணி நேரம் ஓடினாற் போதும். பற்றரியைப் பெருக்குவதே எண்ணெயைச் சுருக்குவது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய இயந்திரத்தையே வாங்குகின்றனர். கடையில் விற்கும் சிறு ஜெனரேற்றர்களில் '12 உவோல்ற்று' எனக் குறித்த துளை ஒன்று இருக்கும். அதிற் கிடைப்பது பெரும்பாலும் 8 அம்பியரே. அதனை நம்பி இரவெல்லாம் ஓடவிடுவோரைக் காணின், எண்ணெய்க் கடைக்காரர் மகிழ்வார்.

பொருத்தும் முறையில் மாணவர் கவனிக்கவேண்டிய சிலவற்றைச் சொல்வோம். 2 அல்லது 3 பரிவலு இயந்திரம் தாராளமாகப் போதும். ஒல்ரநேற்றர் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் நன்கு மின் தரும். எனவே இயந்திரத்தில் 5 அங்குலக் கப்பியும் ஒல்ரநேற்றரில் இரண்டரை அங்குலக் கப்பியும் அமைப்பின், இயந்திரம் 2,400 சுற்றில் அமைதியாக ஓடும். ஒல்ரநேற்றர் 4,800 சுற்றுக் காணும். அதனுள் சுழல்வது மின்காந்தம். ஆதலால் தொடக்கத்திற் பற்றரியே அதற்குச் சிறிது மின்னூட்ட வேண்டும். காரின் முகப்பில் எரியும் சிவப்புக் குமிழின் வழியே அவ்வூட்டஞ் செல்கிறது. அக்குமிழையும் ஓர் ஆளியையும் மறவாது பொருத்துக. வேகம் ஏறியதும் குமிழ் அணையும். அணையாவிடின் மின் பிறக்கவில்லை என்று பொருள். 40 அம்பியருக்கு 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும், பற்றரியின் நேர்முனையை அடுத்து 60 அம்பியர் உருகியும் வேண்டும். இயந்திரம் ஓடுகையில் ஒருபோதும் பற்றரியைக் கழற்றலாகாது. கழற்றிய கணத்தில் உவோல்ற்றளவு குதித்தெழுந்து, உள்ளிருக்கும் இருவாயிகளை எரித்துவிடும். முனைகளை மாற்றிப் பூட்டினாலும் அதே கதிதான்.

இயந்திரத்தை வைக்கும் இடம் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொண்டு போகும். மழைக்கு அஞ்சி விறாந்தையிலோ குசினியிலோ வைத்து இயக்குவோர் இதனை அறிதல் வேண்டும். யன்னலைத் திறந்து வைத்தல் காப்பாகாது. வீட்டினின்று நன்கு விலகிய தனிக் கொட்டிலே தகுந்தது. சோளகக் காலத்திற் பொருத்தமான இடம் வாடைக் காலத்திற் பொருந்தாமற் போகலாம். காற்று வீட்டை நோக்கிப் புகையைத் தள்ளாத பக்கத்தைப் பருவந்தோறும் பார்த்து வைக்க வேண்டும். பற்றரியையும் இயந்திரத்தின் அருகே வைக்கலாகாது. மின்னேறும்போது அதிலிருந்து எழும் ஐதரசன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும்.

இக்காலத்து இலிதியப் பற்றரிகள் வேறு சாதியின. அவை குறைவயிற்றோடு கிடப்பினுங் கெடுவதில்லை. மின்னையும் விரைந்து ஏற்கும். விலை ஒருபுறமிருக்க, அவற்றின் பசியே ஒல்ரநேற்றருக்கு ஆபத்து. முழு ஓட்டத்தையும் ஓயாது இழுத்து அதனை வெப்பத்தாற் பொசுக்கிவிடும். ஓட்டத்தை மட்டுப்படுத்துங் கருவியின்றி நேரே இணைத்தல் தகாது.

ஈயப் பற்றரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடவேண்டும். நம் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலூறிய வன்னீராதலால், குடிக்க இனிதேயாயினும் பற்றரிக்கு நஞ்சு. மூடி திறக்கும் பற்றரியாயின், வீட்டிற் பௌதிகவியல் படிக்கும் பிள்ளையிடம் ஒரு நீரமானியையும் ஒரு கொப்பியையுங் கொடுத்து, மாதமொருமுறை ஆறு அறைகளின் அமில அடர்த்தியையும் குறித்துவரச் செய்யலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவித்தே இதனைச் செய்விக்க. ஓர் அறை மட்டும் ஏனையவற்றினும் 0.050 அளவு தாழ்ந்து நிற்பின், முற்றாக மின்னேற்றிய பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அப்போதும் வேற்றுமை நீங்காவிடின் அவ்வறை கெட்டுவருகிறது. புதுப் பற்றரிக்குப் பணஞ் சேர்க்கத் தொடங்கலாம்.