வாச்சாத்திப் பெண்களிடம் கொங்கு கற்க வேண்டியது

ஒரு தலித் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுமை நடந்துவிட்டால், காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது. "வெளியே சொல்லாதே அம்மிணி, மானம் போயிரும்." சொல்கிறவர் பெரும்பாலும் எதிரி அல்ல; சொந்த அத்தையோ பெரியம்மாவோதான். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. கொங்குப் பகுதியில் நம் மக்களில் பலர் கூலிக்குப் போகும் தோட்டமும், அவசரத்துக்குக் கைமாற்று வாங்கும் வீடும், நடந்து போகும் பாதையும் ஆதிக்க சாதியாரின் கையில் இருக்கின்றன. இன்று வாய் திறந்தால் நாளை காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே வாயடைத்துப் போவதை ஒரு பெண்ணின் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூலியும் கடனும் சாதியும் சேர்ந்து போடும் பூட்டு அது.

அந்தப் பூட்டை ஒருத்தி தனியாக உடைக்க முடியாது. கூடி நின்றால் உடைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சான்று, நமக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் இருக்கிறது. அது வாச்சாத்தி.

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு ஊர் அது. மலையாளி என்ற பெயருடைய பழங்குடியினர் வாழும் ஊர். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர் மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். பெண்களில் சிலரை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணறுகள் கெடுக்கப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளும் இருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களே கைதிகளாகிச் சேலம் சிறைக்குப் போனார்கள்.

அதிகாரத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. படிப்பில்லாத மலைப் பெண்கள் சொல்வதை யார் நம்புவார்கள் என்ற துணிச்சல் அதற்கு இருந்தது. ஆனால் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குள் போனார்கள். பெ. சண்முகம் போன்றவர்கள் மக்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. நல்லசிவன் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் சார்பில் பாமதி என்ற பெண் அதிகாரி விசாரித்து, பெண்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அனைவரும் அரசு ஊழியர்கள்.

19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. மேல்முறையீடு இன்னும் 12 ஆண்டுகள் ஓடியது. நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும், வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்தித் தர வேண்டும் என்று ஆணையிட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1992-இலிருந்து 2023 வரை 31 ஆண்டுகள். 1992-இல் பள்ளிச் சிறுமியாக இருந்தவர்கூட இன்று நடுவயதை எட்டியிருப்பார். இத்தனை ஆண்டுகளும் இந்தப் பெண்கள் பின்வாங்கவில்லையே, எப்படி?

ஒரே பதில்தான் இருக்கிறது. அவர்கள் தனியாக இல்லை. ஏரிக்கரையில் நடந்தது ஒருத்தியின் ரகசியமாக இருந்திருந்தால், அவள் அதைச் சுமந்துகொண்டே வாழ்ந்து செத்திருப்பாள். 18 பேருக்கும் நடந்தது என்று வெளியே வந்தபோது அது ஊரின் வழக்காக மாறியது. ஒருத்திக்கு வார்த்தை வராதபோது இன்னொருத்தி பக்கத்தில் இருந்தாள். விசாரணைக்குப் போகும்போது கூட ஆள் இருந்தது. திரும்பி வரும்போது கேட்க ஆள் இருந்தது. "உனக்கு எதற்கு இந்த வம்பு" என்று சொல்ல வேண்டிய ஊர், "நாம் போவோம்" என்று சொன்னது.

வாச்சாத்தி எரிந்த அதே 1992-இல், அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் மனக்காயமும் மீட்சியும் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகம் முழுவதும் மனநலத் துறையில் இன்றும் படிக்கப்படும் நூல் அது. மீட்சிக்கு மூன்று படிகளை அவர் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து சொல்லி, இழந்ததற்காக அழுவது. கடைசியாக, மனிதர்களோடு மறுபடி சேர்ந்து வாழ்வது. இந்த வரிசை முக்கியம். பாதுகாப்பு இல்லாத பெண்ணிடம் போய் "நடந்ததைச் சொல்லு, சொல்லு" என்று மைக்கை நீட்டினால் அது இரண்டாவது கொடுமை. நம் ஊர்களில் தொலைக்காட்சிக் கேமராக்களும், சில நேரங்களில் நம் இயக்கத்தாரும் செய்யும் தவறு இதுதான்.

பெண்கள் சொல்லும் விதத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் 1996-இல் உண்மை கண்டறியும் ஆணையம் பொது விசாரணை நடத்தியது. வந்த பெண்களில் பலர் கணவனுக்கும் மகனுக்கும் நடந்ததையே சொன்னார்கள். தங்களுக்கு நடந்ததைச் சொல்லவில்லை. அதைக் கவனித்த பிறகு பெண்களுக்கென்றே தனி அமர்வுகள் நடத்தப்பட்டன. நம் வளவிலும் இதைப் பார்க்கலாம். ஒரு அக்காவிடம் கேட்டால் முதலில் ஆட்டைச் சொல்வார், கூரையைச் சொல்வார், பையன் படிப்பு நின்றதைச் சொல்வார். தன் உடம்புக்கு நடந்தது கடைசியில்தான் வரும். அதுவரை உட்கார்ந்து கேட்கிற பொறுமை நமக்கு வேண்டும்.

கொங்கு மண்ணிலேயே இதற்கு முன்னோடி உண்டு. வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் சத்தியமங்கலம் மலைக் கிராமங்களிலும் கர்நாடக எல்லையிலும் அதிரடிப்படையினர் நடத்திய சித்திரவதைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு கோபிசெட்டிபாளையத்தில் அமர்ந்தபோது மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து, நடந்ததை நேருக்கு நேர் சொன்னார்கள். 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் பணம் பட்டபாட்டுக்கு ஈடாகாது. ஆனால் "நீங்கள் சொன்னது பொய்யல்ல" என்று ஓர் அரசு அமைப்பு எழுதிக் கொடுத்தது. பவானி வழக்கறிஞர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அந்த மக்கள் பட்ட பாட்டிலிருந்து எழுந்த நாவல் அது.

கூட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த கோகுல்ராஜ் வழக்கை மறந்திருக்க மாட்டோம். முக்கிய சாட்சியான இளம்பெண் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்தார். அவரைத் திட்டுவது சுலபம். அந்த வயதில், அந்தச் சாதி அழுத்தத்துக்கு நடுவில், அவரைச் சுற்றி யார் நின்றார்கள் என்று கேட்பதுதான் நியாயம். மறுபுறம், கோகுல்ராஜின் தாய் சித்ரா ஓயவில்லை. அவரோடு வழக்கறிஞர்களும் இயக்கங்களும் நின்றார்கள். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

உடுமலை கௌசல்யாவையும் நினைத்துக்கொள்ளலாம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 19. தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தவர், வாழ்வே வேண்டாம் என்ற நிலைக்கும் ஒரு கட்டத்தில் போனார். குமரலிங்கத்தில் சங்கரின் குடும்பம் அவரை மகளாக வைத்துக்கொண்டது. இயக்கத் தோழர்கள் கூட நின்றார்கள். பறை கற்றார். பெற்றோருக்கு ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் நின்றார். சாதி மறுப்புத் திருமணம் செய்த மற்றவர்களுக்காகவும் பேசத் தொடங்கினார். 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு, 2020 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் மாறியது. அவருடைய தந்தை விடுதலையானார். ஐந்து பேரின் தூக்குத் தண்டனை ஆயுளானது. தீர்ப்பு கைவிட்டாலும் கௌசல்யா உடைந்து போகவில்லை. தீர்ப்பை மட்டும் நம்பி எழுந்தவராக இருந்தால் அன்றே விழுந்திருப்பார்.

அப்படியானால் நம் ஊர்களில் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, சட்டமே துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறலாம். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது அவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். விசாரணைக் காலத்தில் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் அரசு தர வேண்டும். "தனியாக வா" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

இரண்டாவது, உதவி எண்களைச் சுவரில் எழுதி வைப்போம். வன்கொடுமைப் புகாருக்கு 14566. பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழிலேயே பேசலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. இரவில் தூக்கம் வராமல், மனம் பதறி, சாப்பாடு இறங்காமல் இருக்கும் பெண்ணைப் 'பேய் பிடிச்சிருச்சு' என்று கோயிலுக்கு இழுத்துப் போவதற்கு முன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கூடிப் பேசுவது பெரிய மருந்துதான்; ஆனால் மருத்துவரின் மருந்து தேவைப்படும் இடத்தில் அதையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெண்கள் உட்கார்ந்து பேச ஓர் இடமும் நேரமும் வேண்டும். நம் காலனிகளில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கூட்டம் கூடினால் கடன் தவணை எழுதிக் கலைந்துவிடுகிறோம். தவணை முடிந்தபின் அரை மணி நேரம் கூட உட்காரலாம். ஆண்கள் வெளியே. செல்போன் வெளியே. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். ஒருத்தி பேசும்போது புத்தி சொல்லக் கூடாது. "நீ ஏன் அந்த நேரத்துல அங்க போனே" என்று கேட்கவே கூடாது. பேச விரும்பாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

நான்காவது, பெயரைக் காப்பாற்றுவோம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அதில் அடங்கும். இரக்கப்பட்டு அனுப்பினேன் என்று சொன்னாலும் அந்தப் பெண்ணுக்கு நேர்வது கேடுதான். வாச்சாத்திப் பெண்கள் யார் பெயரும் இந்தக் கட்டுரையில் இல்லாததற்கும் அதுவே காரணம்.

ஐந்தாவது, கூலி. வழக்குக்குப் போகும் நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வேலைக்குக் கூப்பிடாமல் ஒதுக்கினால் அந்தக் குடும்பத்துக்கு அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை கிடைக்க வழிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் 'தைரியமாக இரு' என்று சொல்வதில் பயனில்லை. தைரியத்துக்கும் சாப்பாடு வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊருக்கு வரும் நாட்களில் 15-ஏ பிரிவைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, மகளிர் குழு கூடும் இடத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.