குடிநோய் மீட்பில் முதல் ஐந்து நாள்கள்: நேர்ச்சையும் மருத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவர் திடீரெனக் குடியை நிறுத்தும்போது உடலில் தோன்றும் விளைவுகள் உயிருக்கே ஊறு செய்யக்கூடியவை. குடியை விடுவது மன உறுதி சார்ந்த செயலாக மட்டுமே கருதப்படுவதால் தமிழகத்தில் இவ்வுண்மை போதிய கவனம் பெறவில்லை. மதுவிலகலின் உடலியல், அதற்கான மருத்துவம், குடிப்பவர் அறியாமல் மருந்து கொடுக்கும் வழக்கத்தின் தீங்கு, சட்டம் தரும் உரிமைகள், நீண்டகால மீட்சிக்கான துணைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடிநோய், மதுவிலகல், சன்னி, டைசல்ஃபிராம், மனநலப் பராமரிப்புச் சட்டம், மறுவாழ்வு

முன்னுரை

தமிழ் அற மரபு குடியை ஒழுக்கம் சார்ந்த குற்றமாகக் கண்டது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டில் இச்சிந்தனை அரசியல் வடிவம் பெற்று, 1937இல் இராசாசி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அறமும் அரசியலும் பேசப்பட்ட அளவுக்கு, குடியிலிருந்து வெளியேற விரும்பும் ஒருவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா பேசப்படவில்லை. மதுவிலக்கு என்பது அரசு செய்வது. மதுவிலகல் என்பது உடல் படுவது. முன்னது குறித்து நூல்கள் பல உள. பின்னது குறித்துத் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

வழக்குச் சொற்களும் இதற்கு ஒரு காரணம் எனலாம். 'குடிப்பழக்கம்' என்னும்போது, பழக்கம் முயன்றால் விடத்தக்கது என்ற பொருள் உடன் வந்துவிடுகிறது. 'குடிகாரன்' என்ற சொல்லுக்கு மரியாதைப் பன்மை அரிதாகவே வழங்குகிறது. 'நோயாளி' என்ற சொல்லோ 'அவர்' என்பதை இயல்பாக ஏற்கிறது. 'குடிநோய்' என்னும் ஆட்சி பரவினால் மருத்துவமனைக்குச் செல்லும் தயக்கம் ஓரளவேனும் குறையும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தயக்கத்தின் அளவை அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கை காட்டுகிறது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டோருள் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். குடிக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே.

விலகலின் உடலியல்

மூளையைத் தணிக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் செயலை மது மிகுவிக்கிறது. தூண்டும் குளுட்டமேட்டின் செயலை ஒடுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது, சமநிலை காக்க மூளை தன் தூண்டலைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அத்தூண்டல் கட்டற்றுப் போகிறது. காலையில் கை நடுங்குவதும், ஒரு குவளை குடித்தவுடன் நடுக்கம் அடங்குவதும் இதன் தொடக்க அடையாளங்கள்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திற்குப் பின் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, குமட்டல் ஆகியன தோன்றும். முதல் 48 மணி நேரத்திற்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையுள்ள காலமே மிகக் கொடியது. காய்ச்சல், மனக்குழப்பம், இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிதல் என நடுக்கத்தோடு கூடிய சன்னி சிலரைப் பற்றுகிறது. 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று இதற்கு 1813இல் பெயரிட்டவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன். கிராமப்புறங்களில் இதனைப் பேய் பிடித்ததாகக் கொண்டு மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உண்டு. அதனால் இழக்கப்படும் ஓர் இரவு உயிரைப் பறிக்கலாம்.

இச்சன்னி குடியால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், ஊட்டச்சத்துக் குறையாமல் உணவளித்துக்கொண்டே சிலருக்குப் பல வாரம் மது கொடுத்து, பின் திடீரென நிறுத்திக் காட்டினர். வலிப்பும் சன்னியும் நிறுத்திய பின்னரே தோன்றின. இன்றைய ஆய்வு நெறி இத்தகைய சோதனைக்கு இடமளிக்காது. எனினும் ஐயம் அதனால் தீர்ந்தது.

நேர்ச்சையின் இடம்

ஐயப்பனுக்கு மாலையிட்டு 41 நாள் குடியை விடுவதும், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடிப்பதில்லை எனச் சத்தியம் செய்வதும் தமிழகத்தில் பரவலான வழக்கங்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவது பொருந்தாது. நண்பர் நீட்டும் குவளையை மறுக்க ஊர் ஏற்கும் ஒரு காரணத்தை மாலை தருகிறது. உளவியல் ஆலோசனை தர முயல்வதும் அதுவே. உடல் அடிமைப்படாதவருக்கு இது போதுமானதாகவும் அமையலாம். ஆனால் காலையில் குடித்தாலன்றிக் கை நடுக்கம் தீராத ஒருவர், மாலையிட்ட மூன்றாம் நாளில் சன்னிக்கு ஆளாகக்கூடும். அவர் முதலில் மருத்துவரையும் பின்னர் குருசாமியையும் காண்பதே முறை.

2020 மார்ச்சு இறுதியில் பொது முடக்கத்தால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது இச்சிக்கல் வெளிப்பட்டது. கேரள அரசு, மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க ஆணையிட்டது. விலகலுக்கு மருத்துவம் இருக்கையில் மதுவைப் பரிந்துரைப்பது முறையன்று என மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அம்மருத்துவம் சிக்கலானதன்று. குளோர்டையசிபாக்சைடு, ஈரல் பழுதுற்றவருக்கு லோராசிபாம் போன்ற மருந்துகள், மது விட்டுச்சென்ற இடத்தைத் தற்காலிகமாக நிரப்புகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் இவை படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்படும். இவையும் அடிமைப்படுத்தக்கூடியவை என்பதால் மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்ணலாகாது. உடன் தரப்படுவது தயமின் என்னும் வைட்டமின் பி1. சோர்ந்து கிடப்பவருக்கு 'குளுக்கோஸ் ஏற்றுதல்' நம் ஊர்களில் முதல் சிகிச்சையாகிவிட்டது. நெடுநாள் குடித்தவருக்குத் தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைத் தாக்கும் வெர்னிக்கி நோயைத் தூண்டக்கூடும். அது முற்றினால் நினைவாற்றல் நிலையாக அழியலாம்.

அறியாமல் கொடுக்கும் மருந்து

'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்' என்னும் விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் காணலாம். என்ன கலந்துள்ளது என்று தெரியாத பொடிகளைச் சாம்பாரில் கலக்கும் குடும்பத்தினர் அன்பினாலேயே அதைச் செய்கின்றனர். அத்தகைய பொடியில் டைசல்ஃபிராம் இருந்தால் விளைவு கடுமையாகும். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பின்னர் அசிட்டேட்டாகிறது. டைசல்ஃபிராம் இரண்டாம் படியைத் தடுக்கிறது. தேங்கிய அசிட்டால்டிஹைடு முகச்சிவப்பு, படபடப்பு, வாந்தி ஆகியவற்றையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும். இதய நோயாளிக்கு இது மரணமாகவும் முடியலாம். டேனிஷ் ஆய்வாளர்கள் ஹால்டும் யாக்கோப்சனும் 1948இல் அறிவித்த இம்மருந்து, நோயாளி தானறிந்து இசைந்து, குடும்பத்தின் மேற்பார்வையில் உட்கொள்ளும்போது பயன் தருவது. அவ்விசைவு நீங்கினால் அதுவே நஞ்சு.

சட்டமும் குடும்பமும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. எனவே அரசு மருத்துவமனையில் சிகிச்சை கோருவது குடிநோயாளரின் உரிமையாகிறது. மருத்துவக் காப்பீட்டிலும் உடல்நோய்க்கு இணையான இடம் உண்டு. ஒருவரை அவர் இசைவின்றிச் சேர்க்கப் பிரிவு 89 கட்டுப்பாடுகளோடு இடமளிக்கிறது. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையோ, தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலையோ இருத்தல் வேண்டும். நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். இரு வல்லுநர்கள் தனித்தனியே ஆய்ந்து சான்றளிக்க வேண்டும். அப்போதும் 30 நாளே தொடக்க வரம்பு. நள்ளிரவில் வண்டியில் ஆள்களை அனுப்பித் தூக்கிச் செல்லும் 'மறுவாழ்வு இல்லங்கள்' இவ்வரம்புக்குள் வருவன அல்ல. சங்கிலியால் பிணைப்பதைப் பிரிவு 95 முற்றாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் பிணைக்கப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் இறந்த மாநிலத்திற்கு இப்பிரிவின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஐந்து நாளுக்குப் பின்

உடல் தெளிந்தபின் தொடங்குவது நெடும்பணி. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடும்பத்தினரையும் சிகிச்சையின் பகுதியாக்கியது. காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் அது நடத்திவந்த முகாம்கள், நோயாளியின் ஊருக்கே மருத்துவத்தைக் கொண்டு சென்றன. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டங்கள் தமிழகத்திலும் கட்டணமின்றி நடைபெறுகின்றன. கோவாவில் நிகழ்ந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மற்றொரு வழியைக் காட்டியது. மருத்துவப் பட்டமற்ற, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளில் பேசியதே தீங்கு தரும் அளவில் குடித்த ஆண்களிடம் பயன் விளைத்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதனைச் செய்யத் தடையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை. தொலைபேசி வழி உதவிக்கு 14446, 14416 ஆகிய அரசு எண்கள் உள்ளன.

மீண்டும் குடித்தல் இந்நோயில் பெரிதும் நேர்வது. நீரிழிவில் சர்க்கரை மீண்டும் ஏறுவதைப் போன்றதே இது. ஆனால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் விலகல் முன்னிலும் கடுமையாகலாம். முதன்முறை வெறும் நடுக்கத்தோடு போனது மூன்றாம் முறை வலிப்பாகலாம். 'போன தடவை வீட்டிலேயே சமாளித்தோம்' என்ற அனுபவம் இங்கு வழிகாட்டாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோர், கடைசியாகக் குடித்த நேரம், நாள்தோறும் குடித்த அளவு, முந்தைய முறைகளில் வலிப்போ பிதற்றலோ இருந்ததா என்பது ஆகிய மூன்றையும் மறைக்காமல் முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.