அமிர்தமும் நஞ்சும்

மட்டக்களப்பு வாவியோரத்து அமிர்தகழியிலே, மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்குளத்தில் ஆடி அமாவாசையன்று நீராடுவோர் பலர். அவ்வூர்ப் பெயரிலுள்ள அமிர்தம் பாற்கடல் கடைந்த கதையை நினைவூட்டுகின்றது. அமிர்தம் எழுமுன் அக்கடலில் ஆலகால நஞ்சு எழுந்தது என்பது புராணம். மனித உடலிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு.

நோய்க்கிருமிகளைப் பற்றி அழிக்க உதவும் புரதங்களே பிறபொருளெதிரிகள். அவற்றை ஆக்கும் நிணநீர்க்குழியங்கள் என்பு மச்சையிற் பிறக்கின்றன. எக்கிருமி வருமென உடல் முன்னறியாது. ஆதலின் ஒவ்வொரு கலமும் தன் பரம்பரையலகுத் துண்டுகளை எழுமாறாக இணைத்து, வெவ்வேறு வடிவான பிறபொருளெதிரியை அமைக்கின்றது. அவற்றுட் பல, கிருமியை விட்டு உடலின் சொந்தப் பொருள்களையே பற்றுவனவாய் அமைந்துவிடுகின்றன.

உடல் தன்னைத்தானே தாக்க அஞ்சும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் கருதினார். 2003இல் நியூயோர்க் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஹெட்டா வார்டமான், மிஷேல் நுசன்சுவைக் முதலியோர் இக்கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர். தொடக்க நிலைக் கலங்களின் பிறபொருளெதிரிகளுள் 55 முதல் 75 வீதமானவை தன்னுடலையே பற்றக் கண்டனர். இத்தகைய கலங்களுட் பெரும்பாலானவை என்பு மச்சையில் ஒரு முறையும், குருதியிற் புகுந்து முதிருமுன் மறுமுறையும் களையப்படுகின்றன. லூப்பசு நோயாளர் சிலரிடத்து இக்களையெடுப்புக் குன்றியிருந்தமை 2005இல் புலனாயிற்று.

எண்ணிறந்த கிருமிகளை எதிர்கொள்ளப் பல்வகைப் பிறபொருளெதிரிகள் வேண்டும். அவ்வளத்தோடு உடன்பிறப்பதே இந்நஞ்சு. பாற்கடல் நஞ்சைக் கண்டத்தில் அடக்க இறைவன் இருந்தான். உடலில் அதனை அடக்குவது இவ்விருமுறைக் களையெடுப்பே.